மூன்று மொனிற்றர், ஒரு பிளக்: விசுவமடு கேம் கடைக்கு வி.ஜி.ஏ. கார்ட் தேடிய கதை

2023 வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கென்று கனடாவிலிருந்து வந்த மாமா ஒருவர், சொக்லேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே துவாயில் சுற்றி இரண்டு வி.ஜி.ஏ. கார்ட் கொண்டுவந்திருந்தார். இரண்டும் ஜிடிஎக்ஸ் 970. மருமகன் விசுவமடுவில், ஏ35 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே, தகரக் கூரை போட்ட கடையொன்றில் கேம் சென்ரர் நடத்துகிறான். ஸ்ரியரிங் ஒன்று, பெடல், பழைய வானிலிருந்து கழற்றிய சீற், முன்னால் மூன்று மொனிற்றர். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் அரை மணித்தியாலக் கணக்கில் காசு கொடுத்து ஐரோப்பாவில் லொறி ஓட்டுவார்கள். அந்த மூன்று மொனிற்றரும் ஒரே படமாகச் சேரவில்லை என்பதுதான் அவனுடைய முறைப்பாடு.

எங்கள் பக்கம், கணினியில் படத்தை வரைந்து மொனிற்றருக்கு அனுப்புகிற கிராபிக்ஸ் கார்ட்டை எல்லோரும் வி.ஜி.ஏ. என்றுதான் சொல்வார்கள். இப்போது வருகிற கார்ட்டுகளில் வி.ஜி.ஏ. துளையே கிடையாது, ஆனாலும் பெயர் போகவில்லை. நானும் அப்படியே எழுதுகிறேன்.

கேசிங்கைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சிக்கு, என்னுடைய திருத்தக் கடைக்கு வந்தவன் கேட்ட முதல் கேள்வி: "அண்ணை, ரெண்டு கார்ட் போட்டா ரெண்டு மடங்கு ஸ்பீட்தானே? பிறகேன் மூண்டும் சேருதில்லை?"

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஐ5-10400எஃப் புரொசெசர், பி460 மதர்போர்ட், 16 ஜிபி ராம். 500 வாட் என்று ஸ்ரிக்கர் ஒட்டிய, பெயர் கேள்விப்படாத பவர் சப்ளை. இரண்டு 970-உம் மாட்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு 6-பின் பவர் வயர் வேண்டும், ஆக மொத்தம் நான்கு. பவர் சப்ளையில் இருந்ததோ இரண்டு. மிச்ச இரண்டையும் பழைய ஹார்ட் டிஸ்க் வயரிலிருந்து அடப்டர் போட்டு எடுத்திருந்தான். அதில் ஒரு அடப்டரின் மஞ்சள் வயர் ஏற்கனவே மண்ணிறமாகிவிட்டது. முதல் வேலையாக அதைக் கழற்றி எறிந்தேன்.

இரண்டு கார்ட் என்ற ஆசை

இந்த ஆசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. என்விடியா நிறுவனம் 2004-இல் எஸ்.எல்.ஐ. என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரே மாதிரியான இரண்டு கார்ட்டைப் பாலம் போட்டு இணைத்தால், ஒரு ஃபிரேமை (அசைகிற படத்தின் ஒரு தாளை) ஒன்றும் அடுத்ததை மற்றதுமாக மாறி மாறி வரையும். மூன்று மொனிற்றரில் கேம் விளையாடும் வசதியை ஏஎம்டி 2009-இல் ஐஃபினிற்றி என்ற பெயரில் ஒரே கார்ட்டிலேயே கொடுத்தபோது, அடுத்த வருடம் என்விடியா கொடுத்த சரவுண்டுக்கு இரண்டு கார்ட் தேவைப்பட்டது. 2012-இல் ஜிடிஎக்ஸ் 680 வந்த பிறகுதான் என்விடியாவிலும் ஒரு கார்ட் போதும் என்றானது. மாமா கனடாவில் கேம் விளையாடிய காலத்து ஞாபகம் அப்படியே மருமகன் தலைக்குள் இறங்கியிருக்கிறது.

ஆனால் எஸ்.எல்.ஐ.க்கு மதர்போர்ட் ஒத்துக்கொள்ள வேண்டும். பி460 ஒத்துக்கொள்ளாது. கார்ட் மாட்டுகிற இரண்டாவது நீளத் துளையைப் பார்த்தால் முதலாவதைப் போலவே இருக்கும், உள்ளே தரவு ஓடுவது நான்கு பாதையில்தான். எஸ்.எல்.ஐ. எட்டுக்குக் குறைந்தால் வேலை செய்யாது. ஒத்துக்கொள்கிற மதர்போர்ட் தேடிப் பிடித்தாலும் பிரயோசனம் குறைவு. ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனியாக எஸ்.எல்.ஐ. விபரம் எழுதி, கார்ட்டை இயக்குகிற டிரைவர் மென்பொருளில் சேர்ப்பதை 2021 ஜனவரி 1-உடன் என்விடியா நிறுத்திவிட்டது. 40 வரிசைக் கார்ட்டுகளில் பாலம் போடும் இடமே இல்லை. இன்னொன்று, இரண்டு கார்ட்டின் நினைவகமும் கூடி எட்டு ஜிபி ஆகாது. இரண்டிலும் ஒரே சாமானின் பிரதிதான் கிடக்கும். 970-இல் அந்த நாலு ஜிபியிலும் மூன்றரைதான் வேகமானது, மிச்ச அரை ஜிபி மெதுவானது. அதற்காக அமெரிக்காவில் வழக்குப் போய் நட்ட ஈடும் கொடுத்தார்கள்.

தம்பி செய்திருந்தது என்னவென்றால், முதல் கார்ட்டில் இரண்டு மொனிற்றர், இரண்டாவது கார்ட்டில் ஒன்று. விண்டோஸ் இதை ஏற்றுக்கொள்ளும். மௌஸை மூன்றிலும் ஓட்டலாம், ஒன்றில் யூரியூப் பார்க்கலாம். கேமை மூன்றிலும் விரிக்கிற சரவுண்ட் மட்டும் ஏற்காது. அதற்கு மூன்று மொனிற்றரும் ஒரே கார்ட்டில் இருக்க வேண்டும், அல்லது இரண்டு கார்ட்டும் எஸ்.எல்.ஐ.யில் இருக்க வேண்டும்.

"ஏன் ரெண்டாவதில போட்டனீ?" என்று கேட்டேன். முதல் கார்ட்டில் எச்.டி.எம்.ஐ. துளை ஒன்றுதான் இருக்கிறதாம். உண்மைதான். 970-இல் எச்.டி.எம்.ஐ. ஒன்று, டி.வி.ஐ. ஒன்று, டிஸ்பிளேபோர்ட் மூன்று. நான்கு மொனிற்றர் வரைக்கும் அந்த ஒரு கார்ட்டே ஓட்டும். டிஸ்பிளேபோர்ட் துளையை ஏதோ யூ.எஸ்.பி. என்று நினைத்து விட்டுவிட்டான். அதற்கு முதல் மதர்போர்ட்டில் உள்ள எச்.டி.எம்.ஐ. துளையிலும் செருகிப் பார்த்திருக்கிறான். இன்ரெல் புரொசெசர் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம், அந்தத் துளை சும்மா ஓட்டைதான்.

ஒரு 970-ஐக் கழற்றினேன். மற்றதில் மூன்று மொனிற்றரையும் மாட்டினேன். சரவுண்ட் உடனே வந்தது, 5760 x 1080. சரி, பிரச்சினை முடிந்தது என்று இருவரும் நினைத்தோம்.

கார்ட் பிழையில்லை, கறண்ட்

மூன்றாம் நாள் தொலைபேசி. பின்னேரம் ஆறு ஆறரைக்குப் பிறகு, அதுவும் ரேஸ் நடக்கும்போது மட்டும், மெஷின் பட்டென்று நின்றுவிடுகிறது. படமும் இழுக்கிறது. "மாமான்ர கார்ட் பழசு அண்ணை, புதுசு ஒண்டு சொல்லுங்கோ."

இந்த இடத்தில் என்னுடைய பிழையையும் சொல்ல வேண்டும். இணையத்தில் வேக அட்டவணை பார்த்து, ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி எடுக்கலாம் என்று சொல்லிவிட்டேன். 12 ஜிபி நினைவகம், காசுக்கு நல்ல வேகம், மூன்று மொனிற்றருக்குத் தாராளம். அது 230 வாட் குடிக்கும் என்பதைப் பார்த்தேன்தான், யோசிக்கவில்லை. கொழும்பிலோ ரொறொன்ரோவிலோ இருப்பவருக்கு எழுதிய அட்டவணையை விசுவமடுக்காரனுக்கு அப்படியே ஒப்புவித்தேன்.

நல்லவேளை, ஓடர் போட முதல் ஒரு பின்னேரம் அந்தப் பக்கம் போக வேண்டி வந்தது. பிளக்கில் மாட்டுகிற வாட் மீற்றரைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். நாலு மணிக்குப் போய் எட்டு மணி வரை இருந்தேன். பார்த்தது இது:

நாலு மணிக்குச் சுவரில் 228 வோல்ற். மெஷினும் மூன்று மொனிற்றருமாகச் சேர்ந்து ரேஸில் 350 வாட்டைத் தொடுகிறது. ஆறரைக்கு வீடுகளில் விளக்கெல்லாம் எரிய, 205. அதற்கு மேல், இரண்டு காணி தள்ளியிருக்கிற அரிசி மில்லின் மோட்டர் புறப்படுகிற ஒவ்வொரு முறையும் ஒரு கணம் 180-க்குக் கீழே விழுகிறது. விழுந்ததும், கறண்ட் போனால் மெஷினைத் தாங்குகிற யூ.பி.எஸ். "டிக்" என்று பற்றரிக்கு மாறுகிறது. அது 650 வி.ஏ. யூ.பி.எஸ். பெட்டியில் 650 என்று பெரிதாக எழுதியிருக்கும், பின்பக்கம் சின்ன எழுத்தில் 360 வாட். புதுப் பற்றரியோடு 360. இவனுடைய பற்றரிக்கு வயது மூன்று. 350 வாட் சுமையைத் தலையில் வைத்தால் அது எவ்வளவு நேரம் நிற்கும்? ஒரு கீச்சு, அவ்வளவுதான், எல்லாம் இருட்டு.

அதாவது மெஷின் நின்றது 970-இன் வயதால் இல்லை. 145 வாட் கார்ட்டுக்கே தாங்காத பிளக்கில் 230 வாட் கார்ட்டை மாட்டச் சொல்லியிருக்கிறேன்.

சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்ட சனம் நாங்கள். கறண்டைக் கணக்குப் பார்த்துச் சாமான் வாங்க வேண்டும் என்று எங்களுக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் கறண்ட் கம்பி வந்து பத்துப் பன்னிரண்டு வருடத்தில் மறந்துவிட்டது. 2022-இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கறண்ட் வெட்டியபோது ஞாபகம் வந்தது, வெட்டு நின்றதும் திரும்ப மறந்தது.

மூன்று மொனிற்றருக்கு உண்மையில் என்ன வேண்டும்

அன்றிரவு பேப்பரை எடுத்து மறுபக்கத்திலிருந்து கணக்குப் போட்டோம். யூ.பி.எஸ். பாதுகாப்பாகத் தாங்குவது 300 வாட். மூன்று மொனிற்றர் 60. மிச்சம் 240. பவர் சப்ளையில் சூடாக வீணாகிறதையும் புரொசெசர், ஃபான், டிஸ்க் எல்லாவற்றையும் கழித்தால் கார்ட்டுக்குக் கிடைப்பது 100, மிஞ்சினால் 120 வாட். இந்தக் கூட்டுக்குள் அடங்குகிற கார்ட் எது என்பதுதான் கேள்வி.

அடுத்தது படத்தின் அளவு. ஒரு 1920 x 1080 மொனிற்றரில் கிட்டத்தட்ட 20.7 இலட்சம் புள்ளி. மூன்றில் 62.2 இலட்சம். 4கே ரி.வி. ஒன்றில் 82.9 இலட்சம். ஆகவே மூன்று மொனிற்றர் என்றால் பெரிய பூதம் இல்லை, 4கேயின் முக்கால் பங்கு வேலை. இதே மூன்றையும் 2560 x 1440 மொனிற்றராக வாங்கியிருந்தால் 110 இலட்சம் புள்ளி. அப்போது கதை வேறு, கார்ட்டும் வேறு, மில்காரரிடம் சண்டைக்கும் போக வேண்டும்.

நினைவகத்தைப் பற்றி ஒரு பிழையான எண்ணம் பரவலாக இருக்கிறது: மொனிற்றர் மூன்று என்றால் வி.ஜி.ஏ. மெமரியும் மூன்று மடங்கு வேண்டும் என்று. அப்படியில்லை. 62 இலட்சம் புள்ளிக்கும் நிறம் எழுதிவைக்க ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் 25 எம்பி போதும். அதைப்போலப் பல தாள்களைக் கார்ட் ஒரே நேரத்தில் வைத்திருக்கும், எல்லாம் சேர்ந்தாலும் சில நூறு எம்பிக்குள் அடங்கும். மெமரியை விழுங்குவது லொறியின் பெயின்ற், றோட்டின் தார், மரத்தின் இலை ஆகிய படத்துணுக்குகள். மொனிற்றர் கூடுவதால் அவை கூடுவதில்லை. இவன் ஓடவிடுகிற யூரோ ட்ரக் சிமுலேற்றர் 2, அசெற்றோ கோர்சா இரண்டும் பத்து வருடத்துக்கு முந்தைய எஞ்சின்கள். 8 ஜிபி போதும். புதிதாக வருகிற கேம்களை உச்ச அமைப்பில் விளையாட ஆசைப்படுகிறவருக்கு இதே பதிலைச் சொல்லமாட்டேன்.

அப்போது கையில் வந்த தெரிவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவு, கறண்டும் குறைவு, ஆனால் இரண்டு மொனிற்றருக்கு மேல் ஓட்டாது. பெட்டியின் முன்பக்கம் அதைச் சொல்லாது, பின்னால் துளையை எண்ணிப் பார்க்க வேண்டும். வவுனியாவில் ஒருவர் ஆர்டிஎக்ஸ் 3060 வைத்திருந்தார், பாதி விலை. 2022 செப்ரெம்பரில் எத்தேரியம் என்ற இணைய நாணயத்தைக் கார்ட் வைத்துத் தோண்டும் முறை நின்ற பிறகு சந்தைக்கு வந்த சாமான். நாணயம் தோண்ட ஓடியது என்பதற்காக ஒரு கார்ட்டை நான் ஒதுக்கமாட்டேன், ஃபானும் சூட்டைக் கடத்துகிற தேர்மல் பாட்டும் மாற்றினால் பல கார்ட் நன்றாக ஓடுகின்றன. ஆனால் 170 வாட். கூட்டுக்குள் அடங்காது.

ஆர்டிஎக்ஸ் 4060 அந்த 2023 ஜூன் கடைசியில்தான் வெளிவந்தது. 115 வாட். இணையத்தில் அதைத் திட்டித் தீர்த்தார்கள்: மெமரிக்கு 128-பிற் பாதைதான், 8 ஜிபிதான், முந்தைய 3060-ஐ விடப் பெரிய பாய்ச்சல் இல்லை என்று. திட்டியதில் நியாயம் இருக்கிறது. 3060-இன் மெமரி செக்கனுக்கு 360 ஜிபி கடத்தும், 4060-இனுடையது 272. அந்தக் குறையை சிப்புக்குள்ளேயே இருக்கிற 24 எம்பி கேஷ் என்ற சின்ன வேக நினைவகம் ஈடுசெய்கிறது, படம் பெரிதாகப் பெரிதாக அந்த ஈடும் தளரும். மூன்று மொனிற்றரில் அது கொஞ்சம் தெரியும். ஆனால் 55 வாட் குறைவில் 3060-க்குச் சமமாகவோ மேலாகவோ ஓடுகிற கார்ட் என்றால், தகரக் கூரைக்குக் கீழே அதற்கு வேறு மதிப்பு. கார்ட் குடிக்கிற ஒவ்வொரு வாட்டும் கடைசியில் அந்தக் கடைக்குள் சூடாகத்தான் வெளியே வரும்.

ஆவணியில் 4060-ஐ எடுத்தோம். 6700 எக்ஸ்டியை விட்டதில் மிஞ்சிய காசில் ஒழுங்கான 550 வாட் பவர் சப்ளை ஒன்றும் வாங்கினோம். ஸ்ரிக்கர் பவர் சப்ளைகளில் பல 200 வோல்ற்றுக்குக் கீழே போனால் தடுமாறும். இது 100 வரை தாங்கும்.

மூன்றுக்குப் பதிலாக ஒரு அகல மொனிற்றர் வாங்கலாமே என்று மாமா தொலைபேசியில் கேட்டார். 3440 x 1440 என்றால் 50 இலட்சம் புள்ளிக்கும் குறைவு, கார்ட்டுக்கு இலேசு. ஆனால் மொனிற்றர் ஏற்கனவே வாங்கியாகிவிட்டது. மூன்றில் ஒன்று பழுதானால் இரண்டில் கடையை நடத்தலாம் என்பதும் இருக்கிறது.

அடப்டர் இரண்டு

புதுக் கார்ட்டில் டிஸ்பிளேபோர்ட் மூன்று, எச்.டி.எம்.ஐ. ஒன்று. மொனிற்றர்களில் எச்.டி.எம்.ஐ.யும் வி.ஜி.ஏ.யும் மட்டும். ஆக இரண்டு அடப்டர் வேண்டும். கொழும்பிலிருந்து எடுப்பித்தேன், வந்தது தலைகீழ்: எச்.டி.எம்.ஐ.யிலிருந்து டிஸ்பிளேபோர்ட்டுக்குப் போவது. இந்த வயர்களில் போக்கு ஒருவழிதான், திருப்பி மாட்டினால் படம் வராது. எழுதிக் கொடுத்தவன் நான்தான், கடைக்காரரில் குறையில்லை.

இரண்டாம் முறை சரியானது வந்தது. ஆனால் நடு மொனிற்றர் 75 ஹேர்ட்ஸில் (செக்கனுக்கு 75 முறை படம் மாற்றி) ஓட, இரண்டு பக்கமும் 60-க்கு மேல் ஏற மறுத்தன. மலிவு அடப்டர்களுக்கு, செக்கனுக்கு எத்தனை புள்ளி கடத்தலாம் என்பதில் 165 மெகாஹேர்ட்ஸ் என்று ஒரு வேலி உண்டு. 1080-ஐ 60-இல் ஓட்ட 148.5 போதும், 75 என்றால் 165-ஐத் தாண்டிவிடும். 300 மெகாஹேர்ட்ஸ் வரை போகிற இரண்டாம் வகை அடப்டர் கொஞ்சம் விலை கூட. அதை வாங்கியிருக்கலாம். நாங்கள் மறுபக்கம் யோசித்து மூன்றையும் 60-இல் கட்டினோம், டிரைவரிலும் செக்கனுக்கு 60 ஃபிரேமுக்கு மேல் வரையாதே என்று வரம்பு போட்டோம். பிளக்கில் பார்த்தால் 310 வாட் இருந்த இடத்தில் 255. காட்டாத ஃபிரேமை வரைந்து என்ன பயன்?

சரவுண்டில் ஒரு குறை, படத்தை ஒரே நீளப் பலகையாக வரைவதால் பக்கத்து மொனிற்றர்களில் மரமும் வீடும் ரப்பர்போல இழுபடும். அசெற்றோ கோர்சாவில் மூன்று திரைக்கென்று தனி அமைப்பு உண்டு: திரையின் அகலம், கண்ணிலிருந்து தூரம், பக்கத்துத் திரை திரும்பியிருக்கிற கோணம் மூன்றையும் கேட்கும். தையல் நாடாவால் அளந்தோம். 24 அங்குலத் திரையின் அகலம் 53 செ.மீ., சீற்றில் இருந்தவனின் கண் 65 செ.மீ. தூரத்தில். அப்படியென்றால் ஒரு திரை 44 பாகையை மறைக்கும், மூன்றும் சேர்ந்து 130-ஐத் தாண்டும். அந்த இலக்கங்களைக் கொடுத்ததும் பக்கக் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் வந்து நின்றது. யூரோ ட்ரக்கில் இதையே கன்ஃபிக் கோப்பில் ஒரு வரி மாற்றிச் செய்யலாம். ஆனால் இப்படி மூன்று கோணத்தில் தனித்தனியாக வரையும்போது வேலை புரொசெசருக்கும் கூடும். இருபது கார் ரேஸில் இந்த ஐ5 சிலவேளை 60-க்குக் கீழே வருகிறது, கார்ட் சும்மா இருக்கிறது. கூடிய கார்ட் வாங்கியிருந்தாலும் அந்த இடத்தில் ஒன்றும் மாறியிருக்காது.

நாலு மாதம் கழித்து

மில் மோட்டர் புறப்படும்போது யூ.பி.எஸ். இப்போதும் டிக் என்கிறது, ஆனால் தாங்குகிறது. புதுப் பவர் சப்ளை மாதிரியானவை சில, மலிவு யூ.பி.எஸ்.ஸின் படிப்படி அலையைக் கண்டு நின்றுவிடுவதுண்டு. அதனால் கடையிலேயே பிளக்கைப் பத்துமுறை பிடுங்கிப் பார்த்துத்தான் கொடுத்தேன். இடையில் தம்பி தன் எண்ணப்படி இரண்டு பக்க மொனிற்றரையும் யூ.பி.எஸ்.ஸிலிருந்து கழற்றி நேரே சுவரில் மாட்டியிருக்கிறான், சுமை குறையட்டும் என்று. கறண்ட் ஒருமுறை போய் வந்ததும் இரண்டு மொனிற்றரும் கழன்றதாக விண்டோஸ் நினைத்து, சரவுண்ட் கலைந்துவிட்டது. அப்படி மூன்று முறை என்னைக் கூப்பிட்டான். மூன்றும் யூ.பி.எஸ்.ஸில்தான் இருக்க வேண்டும்.

சோளகக் காற்றில் செம்மண் புழுதி ஒரு மாதத்தில் ஃபானைப் பஞ்சுபோல மூடியது. கேசிங்கின் முன்பக்கத்தில் நுளம்பு வலைத்துணி இரண்டு மடிப்பாகக் கட்டி, வாரம் ஒருமுறை உதறச் சொன்னேன். மத்தியானம் இரண்டு மணிக்கு, தகரம் கொதிக்கிற நேரத்தில், கார்ட் 71 பாகையில் நின்றது. 970 அதே இடத்தில் 83.

மாமாவின் 970-களில் ஒன்று என் மேசையில் சோதனைக் கார்ட்டாக இருக்கிறது. மற்றது முரசுமோட்டையில் ஒரு மாணவனுக்குப் போனது, ஒற்றை மொனிற்றருக்கு அது இன்னும் தாராளம்.

மார்கழியில் தம்பி திரும்பவும் வந்தான். தைப்பொங்கலுக்கு முதல் பக்கத்திலேயே இன்னொரு செற் போட வேண்டுமாம், அதே 4060, அதே மூன்று மொனிற்றர், விலை எவ்வளவு என்று கேட்டான். கார்ட் விலை பிறகு பார்க்கலாம், முதலில் மீற்றர் பெட்டியிலிருந்து கடைக்குத் தனி வயர் இழுக்க எலெக்ரீசியனைக் கூட்டிவா என்று அனுப்பியிருக்கிறேன்.